ட்ரெபிள் குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

என் கணவர் பிரேம்குமாரை ஓசூரில் அவர் வேலை செய்த கம்பெனியில் 'காது பிரேம்' என்றால்தான் பாதிப் பேருக்குத் தெரியும். போன ஐப்பசியில் அவர் இறந்தபோது தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டிலும் அந்தப் பெயரைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதை மாற்றச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அது அவர் தானாக விட்டுக்கொடுத்த பெயர் என்பது போர்டு கட்டியவர்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

அவருடைய வேலை கியர்பாக்ஸ் கேட்பது. யாரிடம் சொன்னாலும் முதலில் புரியாது. லைனில் பூட்டி முடித்த கியர்பாக்ஸ் ஒவ்வொன்றும் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த ஒரு சின்ன அறைக்குள் வரும். அதை மோட்டாரில் மாட்டி ஒவ்வொரு கியராக ஓட்டுவார்கள். உள்ளே பல் உரசுகிறதா, பேரிங் சீறுகிறதா என்று ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி. இல்லையென்றால் மஞ்சள் சாக்பீஸில் ஒரு கோடு, பெட்டி திரும்பிப் போகும். மெஷினும் ஒன்று வைத்திருந்தார்கள். அது எதற்கெடுத்தாலும் சிவப்பு விளக்குப் போட்டதால், கடைசியில் இவர் சொல்வதுதான் நின்றது. பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற இடத்தில். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். யாரும் போட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் 'கையை எடு' என்று கத்துவது கேட்காமல் போனால் விரல் போய்விடும் என்று பயம். விரலைக் காப்பாற்றிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

என் மாமனார் ஆஞ்சப்பன் பாகலூர் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் குனிந்து வேலை செய்தே முதுகு வளைந்தவர். மகனுக்கு நாற்காலி வேலை கிடைத்த வாரம் ஊரில் எல்லோரிடமும், "எம் மவன் உக்காந்துகிட்டு வேல செய்யறான். கை அழுக்காவல, காதுலயே செய்யறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் குடும்பத்தில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் இவர். அப்போது எனக்கும் அதில் பெருமைதான்.

இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனியில் ஒரு பரிசு உண்டு. ஒரு தொகைக்குள் எது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களே வாங்கி, '25 ஆண்டு சேவை' என்று ஒரு பித்தளைத் தகடு ஒட்டித் தருவார்கள். எங்கள் தெருவிலேயே தகடு ஒட்டிய ஃப்ரிட்ஜ் இரண்டு, வாஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது. இவர், பாட்டுக் கேட்க, பழைய ரேடியோவில் இருப்பது போல் கண்ணாடி வால்வு வைத்த 'வால்வு ஆம்ப்ளிஃபையர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரோடு லைனில் வேலை செய்த சுபாஷ் வீட்டுக்கே வந்து சிரித்தான்.

"அண்ணா, ஆபீஸ்ல உங்க ஃபாரத்த வெச்சிகிட்டு முழிக்கறாங்க. பம்ப்செட்டுக்கு வாங்கறதான்னு என்னைக் கேக்கறாங்க. பேசாம ஏ.சி. கேளுங்கண்ணா, அண்ணியாவது நிம்மதியா தூங்கும்."

"ஏ.சி. ரூம குளுகுளுன்னு வெக்கும். இது சூடா வெக்கும். அவ்ளோதான் வித்தியாசம்னு எழுதிக்கச் சொல்லுடா."

"அண்ணி, நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"நான் சொல்லி இந்த வீட்ல ஒரு ஆணியாவது மாறியிருக்குதா?" என்றேன்.

அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது ஓசூரில் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்த பழைய செட். முகப்பில் வரிசையாகக் குமிழ்கள். அதில் சன்னமான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழுக்காக மட்டும் எங்களுக்குள் தினமும் தகராறு. தூசி தட்டும்போது நான் அதை நடுவுக்குத் திருப்பி வைப்பேன். சாயங்காலத்துக்குள் அது கடைசி வரைக்கும் போயிருக்கும். பாட்டு, தகரம் அறுப்பது மாதிரி வரும். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். "உனக்குக் காது கூச்சம் ஜாஸ்தி" என்பார். கல்யாணமான புதிதில் அந்தக் குமிழ் நடுவில்தான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அது வலது பக்கம் நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இசைக்கவை எடுத்துக் கொடுக்கிறவள். எனக்கே தோன்றவில்லை.

புது ஆம்ப்ளிஃபையரைச் செய்து கொடுத்தவர் சந்தாபுராவில் இருக்கும் ஹரீஷ்குமார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுபாஷும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். இரும்புத் தட்டின் மேல் பின்னால் மூன்று கனத்த டிரான்ஸ்ஃபார்மர், முன்னால் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி வால்வுகள். முகப்பில் கம்பெனியின் பித்தளைத் தகடு. சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரே ஒரு குமிழ். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். வேறு எதுவும் இல்லை.

"ட்ரெபிள் எங்க?" என்றேன்.

"இதுல கிடையாது. பாட்டு எப்படி இருக்குதோ அப்படித்தான் வரும்."

ஸ்விட்ச் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. வால்வுக்குள் கம்பி மெல்லச் சிவந்தது. ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்று மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை ஓடிய பாட்டு.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்தத் தோன்றாமல் அந்த வீட்டில் நான் பாட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். பாடுகிறவள் வரி தொடங்கும் முன் மூச்சு இழுப்பது தெரிந்தது. தபேலாவில் விரல் படுவதும் உள்ளங்கை படுவதும் வேறுவேறாகக் கேட்டன. பின்னால் எங்கோ தள்ளி ஒரு ஜால்ரா, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் சன்னமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ஜால்ரா எவ்ளோ மெல்லிசா வருது பாருங்க. இத்தன வருஷமா இது இருக்கறதே எனக்குத் தெரியல."

"எந்த ஜால்ரா?"

"இப்ப வருதே. வலது பக்கம்."

அவர் எழுந்து போய் வலது ஸ்பீக்கரின் முன் குனிந்தார். சுபாஷைப் பார்த்தார். சுபாஷ் விரலால் தாளம் போட்டுக்கொண்டு தலையாட்டினான்.

"எனக்குப் போர்வை போத்தின மாதிரி இருக்குது" என்றார். உடனே ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டார்.

ஹரீஷ்குமாருக்கு இது பழகிப்போன புகார். கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "சார், வால்வு புதுசு சார். ஒரு அம்பது மணி நேரம் ஓடட்டும். ஆமேலே, அப்புறமா பாருங்க, சத்தம் மெல்ல மெல்லத் தொறக்கும்."

அடுத்த இரண்டு வாரமும் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நாலு மணிக்கு அதைப் போட்டுவிடுவார். ஓடிய மணிகளை நாள்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்தார். எனக்கு அவை நல்ல நாட்கள். அதற்கு முன் அவர் கூடத்திலும் நான் கதவுக்கு இந்தப் பக்கமும் இருந்தே பழக்கம். இப்போது கீரை ஆய்வது, துணி மடிப்பது எல்லாம் கூடத்துக்கே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ரஞ்சிதா போன் செய்தால், "இரு, இந்தப் பாட்டு முடியட்டும்" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். அவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏதோ கோளாறு என்று உட்கார்ந்து பார்க்கிறவர் மாதிரி, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐம்பது முடிந்த அன்று என்னைக் கேட்டார். "தொறந்துச்சா?"

"நல்லாவே தொறந்துச்சுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் எதையோ இறக்கி ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். மெல்லிய ஒரு ஊதல் சத்தம், படிப்படியாக ஏறிக்கொண்டே போவது. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கு, சத்தம் நின்றதும் இறக்கு என்றார். நான் இறக்கும்போது போனில் ஹெர்ட்ஸ் எண் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. கண்ணைத் திறந்தேன். அவர் கை எப்போதோ மடியில் இருந்தது.

"நீங்க எங்க இறக்குனீங்க?"

"மூவாயிரம் தாண்டினதும் நின்னுபோச்சு. போன்ல ஏதோ கோளாறுன்னு பாத்தன். நீ கையத் தூக்கிட்டே இருந்த."

இன்னும் மூன்று தடவை செய்தோம். நாலாவது தடவை நான் கொஞ்சம் முன்னாலேயே கையை இறக்கினேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "ஒழுங்கா செய் ஜோதி" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிக்கு ஒரு வேன் வரும். உள்ளே சின்னக் கண்ணாடி வைத்த பெட்டி அறை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இவர்கள் அதைப் 'பீப் டெஸ்ட்' என்பார்கள். அவர்களுக்கு அது பாஸ் ஆக வேண்டிய ஒரு பரீட்சை. ஃபெயிலானால் இருக்கிற இடத்திலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் வரிசையில் முன்னால் போனவன் பின்னால் நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவான். எந்தக் காதில் முதலில் வரும், எத்தனை எண்ணி அழுத்தலாம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் டெக்னீஷியனின் தோள் அசைவது தெரியும், அப்போது அழுத்தினால் போதும். எல்லோரும் செய்தார்கள். இவரும் செய்தார். கேட்காததால் செய்யவில்லை, எல்லோரும் செய்வதால் செய்தார். கேட்ட பீப்புக்கும் தோள் அசைந்த பீப்புக்கும் சேர்த்தே அழுத்தியதில், எது கேட்டது எது கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. வருஷா வருஷம் 'நார்மல்' என்று சீட்டு வந்தது. அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்.

திங்கட்கிழமை சுபாஷைக் கேட்கும் அறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாராம். ஐந்தாவது பெட்டியில் சுபாஷ், "அண்ணா, இது சீறுது" என்றான். இவர் பச்சைப் புள்ளி வைக்கப் போனார். "பச்ச வெக்கறீங்களே, வெளையாடறீங்களா?" அன்று ஷிஃப்ட் முடிவதற்குள் அப்படி மூன்று பெட்டி. இன்னொன்றையும் சுபாஷ்தான் கவனித்துச் சொன்னான். பெட்டி ஓடும்போதெல்லாம் இவருடைய இடது உள்ளங்கை அதன்மேல் இருந்தது. தடித்த சத்தத்தையெல்லாம் கையாலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சன்னமான சத்தத்துக்குக் கை போதவில்லை.

வேன் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

"எப்பவும் போல பட்டன அழுத்திட்டு வாங்க. ஊரே செய்யறதுதானே."

"மத்தவங்க காத நம்பி யாரும் வண்டி ஓட்டல ஜோதி."

"ஒரு பேரிங் கத்தறதால வண்டி கவுந்துடாது."

"கவுந்துடாதுதான். கத்தும். அத வாங்கினவன் ஆயுசு பூரா கேட்டுகிட்டு இருப்பான்."

"ரஞ்சிதாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குது. உங்களுக்கு எட்டு வருஷம் சர்வீஸ் இருக்குது. அந்த ரூம விட்டா எங்க போடுவாங்க? நின்னுகிட்டு செய்யற வேலதான். உங்க முட்டி தாங்குமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பஸ்ல போறப்ப பக்கத்துல வர்ற வண்டியெல்லாம் நான் விட்டதான்னு தோணுது. இதுக்கு முட்டி வலியே பரவால்ல."

"உங்கப்பா இருந்திருந்தா இதக் கேட்டு அழுதிருப்பாரு" என்றேன். உட்கார்ந்து செய்யும் வேலையை அந்தக் குடும்பம் எப்படிப் பார்த்தது என்று தெரிந்தே சொன்னேன். அவர் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டார்.

வேன் வந்த அன்று நடந்ததைச் சுபாஷ்தான் சொன்னான். உள்ளே போனவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாராம். டெக்னீஷியன், "சார், இந்தப் பக்கம் பாத்து உக்காருங்க" என்றிருக்கிறார்.

"இப்படியே இருக்கட்டும் தம்பி. அந்தப் பக்கம் வெளிச்சம் கூசுது."

வெளியே வரிசையில் நின்றவர்கள், "காதுக்கு என்னடா ஆச்சு, தியானம் பண்ணுதா?" என்று சிரித்தார்கள். வெகுநேரம் அவர் விரல் பட்டன்மேல் சும்மா இருந்ததைப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்து நின்றவர் சத்தமில்லாமல் வரிசையிலிருந்து விலகிக் கழிப்பறைப் பக்கம் போய்விட்டார் என்றான் சுபாஷ்.

பதினோரு நாளில் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. போன முதல் நாளே அங்கே ஒருவன், "காது வந்துடுச்சு, அட்டப்பெட்டியத் தட்டிக் காட்டுங்கடா, நல்லதான்னு சொல்லும்" என்றானாம். இவரும் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ரிஜக்ட்" என்று சொன்னாராம். சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஒன்பது நாள் அவரோடு பேசவே இல்லை. சாப்பாடு போட்டேன், வெந்நீர் வைத்தேன், முட்டிக்குத் தைலம் வாங்கி மேஜைமேல் வைத்தேன். பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் வால்வு எரியவில்லை.

பத்தாவது நாள் சாயங்காலம் அவரே ஸ்விட்ச் போட்டார். நான் கூடத்துக்குப் போய், "பழைய செட் பரண்லதான் இருக்குது. அத எடுத்து மாட்டிக்கோங்க. ட்ரெபிள் எவ்ளோ வேணா வெச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்" என்றேன். நான் சமாதானம் பேசிய விதம் அது.

"வேணாம். அது இத்தன வருஷம் எனக்காகப் பொய் சொல்லிட்டு இருந்துச்சு. போதும்."

காது மெஷின் வாங்கினோம். பேச்சுக்கு அது நன்றாகவே இருந்தது. பாட்டுக்கு ஆகவில்லை. ஜால்ராவும் எண்ணெயில் பூரி பொரிவதும் ஒரே மாதிரி இருக்கிறது என்று, பாட்டுப் போடும்போது கழற்றி வைத்துவிடுவார். அப்புறம் என்னைக் கேட்பார்.

"இப்ப என்ன வருது?"

"மேல ஒரு புல்லாங்குழல் போவுது."

"எப்படி?"

"படி ஏறுற மாதிரி. கடைசிப் படியில நின்னு கொஞ்சம் நடுங்குது."

தலையாட்டுவார். கீழ் சுருதியில் வரும் குரலும் தபேலாவும் அவருக்கே கேட்கும். மேலே உள்ளதை நான் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் நான் நன்றாகச் சொன்னேன். சொல்வதற்காகவே கவனித்துக் கேட்டேன். அவருக்கென்று வாங்கிய பெட்டி எனக்குப் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு செய்முறைத் தேர்வுகள் வந்தன. ரஞ்சிதாவுக்கு வேலை தேடும் கவலை வந்தது. பள்ளியில் இன்னொரு உதவியாளர் நின்றுபோய், அவருடைய வேலையும் என்மேல் விழுந்தது. சாயங்காலம் வந்து சோஃபாவில் சாய்ந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அவர் கேட்பார். "ம், வருது" என்பேன். "நல்லாருக்குதா?" என்பார். "நல்லாருக்குது" என்பேன். எத்தனை நாள் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்குப் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சு வலி வந்ததற்கு நான்கு மாதம் முன்னால், ஒரு வியாழக்கிழமை. அவர் பேக்கிங்கிலிருந்து வந்து காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

"சலங்க வந்துடுச்சா ஜோதி?"

"ம், வந்துச்சு."

"எத்தன பேரு ஆடற மாதிரி இருக்குது?"

"ரெண்டு மூணு பேரு."

பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. முன்னால் நன்றாகக் காது கேட்ட காலத்தில் அவருக்கு மனப்பாடமான பாட்டு அது.

"நான்தான் தப்பா கேட்டன்" என்றார் மெதுவாக. "இது வேற பாட்டு. இதுல சலங்கையே கிடையாது."

நான் கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபம் எதுவும் முகத்தில் இல்லை. குனிந்து முட்டியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தூக்கம் வந்தா போய்ப் படு. காலையில இருந்து நின்னுட்டுதானே இருந்திருப்ப."

"இல்லங்க, நான் கேக்கறன். நீங்க கேளுங்க" என்றேன்.

"பரவால்ல."

அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கவனித்துக் கேட்டேன். ஏதாவது கேட்டால் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அடுத்த பாட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும், நாலு மணிக்கு வந்து ஸ்விட்ச் போட்டு, தனக்குக் கேட்டதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.